பெயர் சொன்னால்தான் மாத்திரை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுத எனக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு பக்கம் படத்துக்குப் போய்விடும். மீதி ஐந்தில் அறுபத்து மூன்று வயது வாழ்க்கையை அடக்க வேண்டும் என்பது என் முதல் கவலை. யார் பெயராவது விட்டுப்போய் அவர்கள் மனம் வருந்துவார்களோ என்பது இரண்டாவது. நம் பிள்ளைகளுக்கு மலையாளம் ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது என்பது மூன்றாவது. எண்ணிப் பார்த்துவிட்டேன். இந்த மலரைக் கையில் வாங்கப்போகும் பேரன் பேத்திகள் பதினேழு பேரில், தடையில்லாமல் தமிழ் வாசிக்கிறவர்கள் ஐந்து பேர். மற்றப் பன்னிரண்டு பேருக்கும் பெரியவர்கள் தயவுசெய்து வாசித்துக் காட்ட வேண்டும். சிரிப்பு வருகிற இடத்தில் சிரிக்கலாம். அக்காவைப் பற்றிப் பேசும்போது யாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

அக்கா பிறந்தது மட்டாஞ்சேரியில், இப்போது நாங்கள் குடியிருக்கும் இதே வீட்டில். நம் முன்னோர் மிளகு வியாபாரத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். அப்பா மிளகு மண்டியில் கணக்கெழுதினார். அம்மா பெற்றது ஐந்து. நிலைத்தது அக்காவும் நானும்தான். அக்கா மூத்தவர், நான் கடைசி. நடுவில் போன மூன்று பேருக்கும் என்ன நோய் என்றுகூட வீட்டில் சரியாக யாருக்கும் தெரியாது. ஜுரம் என்பார்கள், மாந்தம் என்பார்கள். அக்கா சின்ன வயதிலேயே இதைத் திரும்பத் திரும்பக் கேட்பாராம். "ஜுரம்னா என்ன ஜுரம்?"

அக்காவுக்குப் பதினைந்து வயதில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மாவின் சடையைப் பிரித்து, படுத்த நிலையிலேயே தலையை அலசி, துவட்டி, வாரிப் பின்னிவிட்டாராம். தலையணை ஒரு சொட்டும் நனையவில்லையாம். அக்கா அந்தத் தலையணையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாக அம்மா சொல்வார். வீட்டுக்கு வந்ததும், "நான் இதுதான் படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

நம் தெருவில் அந்த வேலைக்குப் போன முதல் பெண் அக்காதான். கண்டவர்களையும் தொட்டுக் குளிப்பாட்டுகிற வேலையா என்று உறவில் நான்கு பேர் வந்து கேட்டார்கள். அப்பா அவர்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, "என் பொண்ணு நாலு உசிரைப் பார்த்துக்கட்டும். உங்க பொண்ணுங்க அப்பளம் காயறதைப் பார்த்துக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. பின்னால் அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடந்ததை வைத்து, அப்பா அக்காவின் வேலையைப் பிடிக்காதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எர்ணாகுளத்தில் பயிற்சி முடித்து, ஊருக்குள்ளேயே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "டியூட்டி மாறி மாறி வருது, மாப்பிள்ளையும் மாறி மாறி வந்தாச் சமாளிக்கலாம்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

அக்காவின் வேலை முறை ஆஸ்பத்திரியோடு நிற்காது, வீட்டுக்கும் வரும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கைக்குழந்தையைத் தொடக் கூடாது. கழுவினேன் என்று சொன்னால் மட்டும் போதாது, கையை நீட்டி நகத்தைக் காட்ட வேண்டும். படுத்திருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, எழுப்பி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் பெரியம்மா விழுந்து இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அக்கா அவருடைய மூன்று மருமகள்களையும் வரிசையாக நிறுத்தி, படுத்தவரை வலிக்காமல் எப்படி ஒருக்களித்துத் திருப்புவது, விரிப்பை இழுக்காமல் எப்படி மாற்றுவது, முதுகைத் துடைத்து எப்படிப் பவுடர் போடுவது, முதுகில் எந்த இடம் சிவக்கிறது என்று தினமும் எப்படிப் பார்ப்பது என்று செய்து காட்டினார். பெரியம்மா முதுகில் கடைசி வரை ஒரு புண் வரவில்லை. "என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பவுடர் போட்டதில்லை" என்பார் பெரியம்மா.

எல்லா முறைகளிலும் அக்கா விட்டுக்கொடுக்காத ஒன்று இருந்தது. மாத்திரையை நீட்டுவதற்கு முன்னால், "உங்க பேரென்ன, உங்க அப்பா பேரென்ன?" என்று கேட்பார். நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். தினமும் பார்க்கிறவராக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் கேட்பார். ஆளும் மருந்தும் பொருந்த வேண்டும், ஆள் தெளிவாக இருக்கிறாரா என்பதும் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே கேள்வியில் முடிகிறது என்பார்.

அப்பா பெயரையும் சேர்த்துக் கேட்டதற்கு நம் குடும்பமே காரணம். நமக்குள் மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். எங்கள் அப்பாவின் தாத்தா பெயர் ஆறுமுகம். அவருக்கு மகன்கள் இருவர், குப்புசாமி, கந்தசாமி. இருவருமே தங்கள் மூத்த மகனுக்கு ஆறுமுகம் என்று வைத்தார்கள். குப்புசாமியின் மகன் எங்கள் அப்பா. கந்தசாமியின் மகன் எங்கள் சித்தப்பா. ஒரே தெரு, எதிரெதிர் வீடு, இங்கிலீஷில் எழுதினால் இருவருமே கே. ஆறுமுகம். தெருவில் அப்பாவை மிளகு ஆறுமுகம் என்றும், தேங்காயெண்ணெய்க் கடை வைத்திருந்த சித்தப்பாவை எண்ணெய் ஆறுமுகம் என்றும் சொல்லிச் சமாளித்தார்கள். எனக்கு என் தாத்தா பெயர், குப்புசாமி. அது அப்பாவுக்குத் தகப்பனார் பெயர், அம்மாவுக்கு மாமனார் பெயர். ஆகையால் இருவரும் என்னை ஒரு நாளும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. வீட்டில் எல்லோருக்கும் நான் தம்பிதான்.

இனி அப்பாவின் வெற்றிலைப் பெட்டிக்கு வருகிறேன். பல் ஆடத் தொடங்கியதும் அப்பா வெற்றிலையை விட்டார். பித்தளைப் பெட்டி காலியாக இருந்தது. வீட்டில் யாருக்காவது டாக்டர் எழுதிக் கொடுத்து மீந்த மாத்திரைகளை, வீணாக்கக் கூடாது என்று அதில் போட ஆரம்பித்தார். பிறகு சித்தப்பா வீட்டு மிச்சமும், தெருவின் மிச்சமும் வந்து சேர்ந்தன. கொஞ்ச நாளில் பெட்டி நிரம்பியது, அப்பாவும் ஒரு மாதிரி வைத்தியராகிவிட்டார். சிவப்பு ஜுரத்துக்கு, மஞ்சள் மேல்வலிக்கு, வெள்ளைப் பெரிசு வயிற்றுக்கு, வெள்ளைச் சிறிசு எல்லாவற்றுக்கும்.

மூன்றாம் வீட்டு நடராஜ மாமாவின் மகளைப் பெண் பார்க்க வந்த காலையில் மாமாவுக்கு ஒரே தும்மல். அப்பா ஒரு வெள்ளைச் சிறிசு கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் மாமா கண்ணை மூடினார். சொஜ்ஜி வந்தது, பெண் வந்தாள், பாட்டுப் பாடினாள், பேச்சு வார்த்தை நடந்தது. மாமா கண்ணைத் திறக்கவில்லை. "சம்பந்தி ரொம்ப அமைதியானவர், எதுக்கும் குறுக்கே பேசலை" என்று மாப்பிள்ளை வீட்டுக்கு மிகவும் பிடித்துப்போய் அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது. அப்பாவின் புகழ் இன்னும் ஏறியது.

அக்கா டியூட்டி முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எந்த மாத்திரைப்பா குடுத்தீங்க?"

"வெள்ளைச் சிறிசு."

"அதுக்குப் பேர் என்ன?"

"பேர் எதுக்கு? குணம் தெரிஞ்சாப் போதாதா?"

"அந்தக் குணம் இன்னொரு நாள் வேற மாதிரி இருக்கும்பா."

அந்த வாரமே அந்த இன்னொரு நாளும் வந்தது. என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தலைவலி என்றாள். அப்பா பெட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டார். அக்கா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர், அந்தக் கையைப் பிடித்து மாத்திரையை எடுத்தார். பெட்டியையும் எடுத்தார். முற்றத்தில் கவிழ்த்து என்னை எண்ணச் சொன்னார். நூற்று முப்பத்தேழு மாத்திரைகள். எந்த மருந்து என்று அடையாளம் சொல்லக்கூடியவை பதினொன்று. எல்லாவற்றையும் கரைத்துக் கொட்டிவிட்டு, பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று அப்பா முன்னால் வைத்தார்.

அப்பா பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தம்பி, அவகிட்டச் சொல்லிடு. இனிமே அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை."

அக்கா கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். நான் சொன்னேன். "சரின்னு சொல்லு" என்றார் அக்கா. அதையும் சொன்னேன்.

இது ஏதோ இரண்டு நாள் கோபம் என்று நினைத்தோம். இரண்டு வருஷம் ஓடியது. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பா, "தம்பி, மழை வருது, ஜன்னலைச் சாத்தச் சொல்லு" என்பார். நான் எதிரே இருக்கும் தீவுத் துறைமுகத்தில் சரக்கு மூட்டை எண்ணுகிற வேலையில் இருந்தேன். காலையில் படகேறினால் மாலையில்தான் வருவேன். அந்த நேரங்களில் அப்பா பூனையிடம் சொல்வாராம். அக்கா மட்டும் ஒன்றும் நடக்காதது போல, "அப்பா, வெந்நீர் வெச்சிருக்கேன்", "அப்பா, இன்னிக்கு மத்தி நல்லா இருக்கு" என்று பேசிக்கொண்டே இருந்தார். பதில் எனக்கோ பூனைக்கோ போகும்.

பிறகு அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி, அக்காவின் வார்டிலேயே சேர்த்தார்கள். ஏற்கெனவே அங்கே ஜன்னலோரக் கட்டிலில் சர்க்கரை வியாதிக்காகச் சித்தப்பா படுத்திருந்தார். காலியாக இருந்தது அதற்கடுத்த கட்டில்தான். இரண்டு கட்டில் தலைமாட்டிலும் ஒரே பெயர்ச் சீட்டு, கே. ஆறுமுகம்.

எனக்கு அப்போதிருந்த கவலை ஒன்றுதான். இந்த மனிதர் மகளோடு பேசாமலே போய்விடுவாரோ? ஒரு வீட்டுக்குள் பேசாமலே இருந்து போய்ச் சேர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்து நான்கு பேர். அவர்கள் வீட்டில் மிஞ்சியவர்களையும் எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவர்கள் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

முதல் நாள் காலையில் காப்பிப் பிளாஸ்க்கோடு போயிருந்தேன். அம்மாவும் இருந்தார். அக்கா மாத்திரைத் தட்டோடு வந்தார். முதலில் சித்தப்பா.

"சித்தப்பா, உங்க பேரென்ன, உங்க அப்பா பேரென்ன?"

"ஆறுமுகம். கந்தசாமி மகன். இன்னும் கல்யாணம் ஆன தேதி வேணும்னாச் சித்தியைக் கேளு."

சித்தப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அக்கா இந்தப் பக்கம் திரும்பினார். அப்பாவின் மாத்திரை நாடியை மெதுவாக்கும். நாடி ஏற்கெனவே மெதுவாக ஓடினால் கொடுக்கக் கூடாது. ஆகவே கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும். சிலர் பாதி நிமிஷம் எண்ணி இரட்டிப்பார்களாம். அக்கா அப்படிச் செய்ய மாட்டார். அப்பா கூரையைப் பார்த்தபடி கையை நீட்டினார். அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அதைப் பிடித்தார். இரண்டு வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. எழுபத்து நான்கு என்று எழுதிக்கொண்டு, "உங்க பேர் சொல்லுங்கப்பா" என்றார் அக்கா.

"தம்பி, கட்டில்ல எழுதித் தொங்குதுன்னு சொல்லு."

"தம்பி, கட்டில் மாத்திரை சாப்பிடாதுன்னு சொல்லு."

"பெத்த அப்பன் பேரு அவளுக்குத் தெரியாதாமான்னு கேளு."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுதான்னுதான் பார்க்கணும்னு சொல்லு."

சித்தப்பா சமரசத்துக்கு வந்தார். "நான் சொல்றேம்மா. அண்ணன் பேரு ஆறுமுகம்."

"அது உங்க பேரு சித்தப்பா."

புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாத அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பழனியில நிக்கிறாரே, அவர் பேருதான்" என்றார்.

"பழனியில நிக்கிறவருக்கு என்கிட்ட மாத்திரை இல்லைம்மா."

எதிர்க் கட்டிலில் தோப்பும்படிப் படகுக்காரர் வர்கீஸ் சேட்டன் இருந்தார். அவருக்கும் பொறுக்கவில்லை. "சேச்சி, ஞான் பறயட்டே?" என்று, தான் சொல்லட்டுமா என வாயில் தெர்மாமீட்டரோடு கேட்டார்.

"வர்கீஸே, மிண்டாதே, வாயைத் திறக்காதே. அது உடைஞ்சா நீ முழுங்கிடுவே."

நோயாளியை மருந்தில்லாமல் விடுகிறவர் அல்ல அக்கா. உடனே கூட வேலை பார்த்த ஏலியாம்மா சிஸ்டரை அழைத்தார். ஏலியாம்மா சிஸ்டர் வந்து, "அப்பூப்பா, பேரெந்தா? அச்சன்டெ பேரு?" என்று மலையாளத்தில் இரண்டு பெயரையும் கேட்டதும், அப்பா வார்டின் கடைசி வரை கேட்கும்படி, "ஆறுமுகம், குப்புசாமி மகன்" என்றார். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்டது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அக்கா வந்து கையைப் பிடித்து எண்ணுவார். அப்பா கூரையைப் பார்ப்பார். ஏலியாம்மா சிஸ்டர் பெயரைக் கேட்டு மாத்திரை கொடுப்பார். நாளாக ஆக, எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் ஏலியாம்மா சிஸ்டர் தம்முடைய தம்பி கல்யாணத்துக்கு லீவில் போனார். அதற்கு முந்தின சாயங்காலம்தான், காற்று வரவில்லை, புழுங்குகிறது என்று அப்பா முனகியிருக்கிறார். ஜன்னலோரத்தில் இருந்த சித்தப்பாவுக்கு அது தாங்கவில்லை. "அண்ணன் வேர்த்து வடியறப்ப நான் காத்து வாங்கறதாவது? எழுந்திரிங்க" என்று சொல்லி, தலையணை, போர்வை, சாமி படம், பிளாஸ்க் எல்லாவற்றையும் இருவருமாக மாற்றிக்கொண்டு இடம் மாறிப் படுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு நல்ல இடத்தை விட்டுக்கொடுப்பது நம் வழக்கம், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டும் என்றே இருவருக்கும் தோன்றவில்லை. கட்டில்களில் தொங்கிய, மருந்து எழுதிய காகிதங்கள் மட்டும் மாறவில்லை. பெயர்ச் சீட்டை மாற்றியிருந்தாலும் பயனில்லை, இரண்டும் ஒன்றுதானே. இரண்டு பேருமே நெற்றி நிறைய விபூதி பூசிய ஒல்லிக் கிழவர்கள்.

காலையில் நான் போனபோது அக்கா வார்டின் மறுகோடியில், புதிதாக ஆப்பரேஷன் ஆன ஒருவரைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். ஏலியாம்மா சிஸ்டருக்குப் பதிலாகப் பெண்கள் வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் உதவிக்கு வந்திருந்தார். பாவம், நல்ல பெண். அவர் நேராக ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தார்.

"பேரு?"

"ஆறுமுகம்" என்றார் அப்பா. அந்த சிஸ்டர் சீட்டைப் பார்த்தார், சரியாக இருந்தது. மாத்திரையை அப்பா உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"பேரு?"

"ஆறுமுகம்" என்றார் சித்தப்பா. சீட்டு அங்கேயும் சரியாக இருந்தது. அந்தக் கட்டிலின் காகிதத்தில் நாடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்ததால், சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணத் தொடங்கினார். சித்தப்பாவுக்கு ஒரே பெருமை. அண்ணனுக்கு மட்டும் நடக்கிற மரியாதை கடைசியில் தனக்கும் வந்துவிட்டது என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பாவின் கையில் இருந்தது சித்தப்பாவின் சர்க்கரை மாத்திரை. சித்தப்பாவுக்குப் போகவிருந்தது அப்பாவின் இதய மாத்திரை. இரண்டும் வெள்ளைச் சிறிசு. நிறத்தை வைத்தே தெருவுக்கு வைத்தியம் பார்த்த அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா மாத்திரையை வாய் வரை கொண்டுபோனவர், நிறுத்தினார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். சித்தப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. என் வழியாகவும் சொல்லவில்லை. வார்டின் மறுகோடியை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இங்க வா. என் கையைப் பிடிக்கலை. அவன் கையைப் பிடிக்கறாங்க."

வார்டில் ஓடக் கூடாது என்று எல்லோரையும் கண்டிக்கிறவர் அக்கா. அன்றைக்கு ஓடி வந்தார்.

"வாயில போட்டீங்களா?"

"கையைப் பிடிக்காம எப்படிப் போடறது? ஒரு நாளாவது நீ பிடிக்காம இருந்திருக்கியா?"

அக்கா அந்த மாத்திரையை வாங்கினார். சித்தப்பாவுக்கு எடுத்து வைத்திருந்ததையும் வாங்கினார். காகிதங்களைப் பார்த்தார், கட்டில்களைப் பார்த்தார், இரண்டு கிழவர்களையும் பார்த்தார். "எப்ப இடம் மாறினீங்க?"

"அண்ணனுக்குப் புழுங்குச்சும்மா" என்றார் சித்தப்பா. பிறகு அப்பாவிடம், "ஆயுசுல ஒரு தடவை என் கையை ஒருத்தர் பிடிச்சாங்க. அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா அண்ணே?" என்றார்.

உதவிக்கு வந்த சிஸ்டர், பெயர் கேட்டுத்தான் கொடுத்ததாகச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா அவர் தோளைத் தொட்டு, "ரண்டாளும் பேரு சரியாத்தன்னெ பறஞ்ஞு. நீயும் சோதிச்சு. போதாத்தது நம்முடெ ரீதியாணு" என்றார். இருவரும் பெயரைச் சரியாகத்தான் சொன்னார்கள், நீயும் கேட்கத்தான் செய்தாய், போதாமல் போனது நம் முறைதான் என்று அர்த்தம். அன்று மத்தியானமே அக்கா தாமாக மேட்ரனிடம் போய் நடந்ததைச் சொன்னார். ஒரே பெயருள்ளவர்களை அடுத்தடுத்துப் படுக்கவைக்கக் கூடாது, யாராக இருந்தாலும் அப்பா பெயரையும் கேட்க வேண்டும், கட்டில் மாறினால் காகிதமும் கூடவே மாற வேண்டும் என்று அந்த வார்டில் அதன் பிறகு ஏற்பாடாயிற்று. சித்தப்பாவை மறுகோடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தே அவர் அண்ணனோடு பேச ஆரம்பித்ததால், ஆப்பரேஷன் ஆனவர் புகார் கொடுத்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் அக்கா அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிஷம். நானும் என் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆனால் எண்ண முடியவில்லை. அப்பா கூரையைப் பார்க்கவில்லை, அக்கா எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைவதைக்கூடப் பார்த்தார்.

"பேர் சொல்லுங்கப்பா."

அப்பா பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, "தம்பி" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். அக்கா பக்கம் திரும்பினார்.

"ஆறுமுகம். குப்புசாமி மகன். மட்டாஞ்சேரி."

என் பெயரை அப்பாவின் வாயால் நான் கேட்டதே அந்த வார்டில்தான். அது எனக்கான அழைப்பு அல்ல, தெரியும். இருந்தாலும் நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

அக்கா அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து மாத்திரையைக் கொடுத்தார், தண்ணீரைக் கொடுத்தார். அப்பா விழுங்கிவிட்டு, "தண்ணி ஜில்லுன்னு இருக்கே. வெந்நீர் வைக்கக் கூடாதா?" என்றார். இரண்டு வருஷம் கழித்து அக்காவிடம் நேராகச் சொன்ன முதல் குறை. அக்கா வெந்நீர் எடுக்கப் போனார். அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் ஆயிற்று. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

அப்பா அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். தினமும் காலையில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி, அக்கா கேட்பதற்கு முன்பே, "ஆறுமுகம், குப்புசாமி மகன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். எதிர் வீட்டிலிருந்து சித்தப்பா, "ஆறுமுகம், கந்தசாமி மகன்" என்று பதிலுக்குக் கத்துவார். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் இரண்டையும் சேர்த்துப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அவர்கள் இன்றைக்கு இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்கள்தான். வெற்றிலைப் பெட்டியும் வேலைக்குத் திரும்பியது. அப்பாவின் மாத்திரைகள் மட்டும், கடையில் கொடுத்த உறையோடு, பெயர் தெரியும்படி அதில் இருந்தன. மிச்சம் தருவதற்குத் தெருவில் யாராவது வந்தால் அப்பாவே விரட்டிவிடுவார். "பேர் இருக்கா? இல்லேன்னாக் கொண்டு போ."

அக்கா ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. நம் தெருவில் யார் படுத்தாலும் அக்கா போய், முதுகைத் தட்டிப் பார்த்து, நகத்தைப் பார்த்து, மாத்திரை உறையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். என்னிடம் நாளுக்கு ஒரு முறையாவது, "தம்பி, உனக்கு ஒண்ணும் இல்லை, கவலையைக் குறை" என்று சொல்வார். இப்போது அதைச் சொல்ல ஆளில்லாததால் எனக்குப் பல நோய்கள் இருப்பதாகத் தோன்றுகிறது.

சென்ற வருஷம் அக்காவின் சிறுநீரகம் பழுதாயிற்று. கடைசிச் சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி அல்ல, எர்ணாகுளத்தில் வேறொன்று. வலி இருந்தது, ஆனால் அக்கா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. விரிப்பில் சுருக்கம் இருந்தால் மட்டும் சொல்வார். கடைசி நாட்களில் ஒரு காலை, பயிற்சி முடித்து வந்திருந்த இளம் நர்ஸ் ஒருவர் மாத்திரைத் தட்டோடு வந்தார். கட்டிலைச் சுற்றி நாங்கள் எட்டுப் பேர் நின்றிருந்தோம்.

"அம்மச்சீ, பேரு பறயாமோ?"

எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் அக்காவின் பெயரைச் சொன்னோம். அக்கா கையைத் தூக்கி எங்களை அடக்கினார். அப்போது அவருக்கு அந்தக் கையைத் தூக்குவதே பெரிய வேலை. அந்தப் பெண்ணைப் பார்த்து, தம் பெயரைத் தாமே சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆறுமுகத்தோட மகள்" என்றார். இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போல் எங்களை ஒரு பார்வை பார்த்து, "மிளகு ஆறுமுகம்" என்று சேர்த்தார். பிறகு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் சிரித்தோம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சீட்டைப் பார்த்துச் சரிபார்த்து, அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்த பிறகே மாத்திரையைக் கொடுத்தார். அக்கா விழுங்கிவிட்டு என்னிடம், "இவ நல்லாச் செய்யறா" என்றார்.

இறுதி வரை உடனிருந்து பார்த்துக்கொண்ட உறவினர்களுக்கும், படகிலும் பஸ்ஸிலும் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், தள்ளாத வயதிலும் தோப்பும்படியிலிருந்து வந்து கட்டிலருகே உட்கார்ந்து போன வர்கீஸ் சேட்டனுக்கும், ஏலியாம்மா சிஸ்டருக்கும், காரியங்கள் குறைவில்லாமல் நடக்க உதவியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் அது என் மறதி, மனக்குறை அல்ல.

ஒருவர் பாக்கி. எங்களில் யாரும் அந்த இளம் நர்ஸின் பெயரைக் கேட்கவில்லை. இந்த மலரில் ஒரு பிரதியை அவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறேன். அடுத்த வாரம் நானே எர்ணாகுளம் போய், அவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் அவர் வாயால் கேட்டு, எழுதிவிட்டுத்தான் கொடுப்பேன்.